மொட்டை மாடி டிஷ்ஷும் பக்கத்துத் தெரு 5ஜி டவரும்

இன்னைக்கு நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு காலத்துல தேனி, போடி, சின்னமனூர் பக்கம் டிவின்னாலே கொடைக்கானல் மலை மேல இருந்த தூர்தர்ஷன் டவர்தான். மாடியில ஒருத்தர் ஆண்டெனாவைத் திருப்புவார், கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்ண்ணே"ன்னு குரல் வரும். சிக்னல் குறைஞ்சா புள்ளி விழும், ஆனா படம் தெரியும்.

1993 ஏப்ரல் 14-ல சன் டிவி வந்தது. அதோட கேபிள்காரர் மாடியில பெரிய டிஷ்ஷும் வந்தது. அந்த டிஷ் பிடிப்பது சி பேண்ட், அதாவது 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ். அடைமழையிலும் பெரிசா அசையாது என்பதுதான் அதன் பலம்.

2022 ஆகஸ்ட் 1-ல முடிந்த 5ஜி ஏலத்தில் 3.3 முதல் 3.67 வரையான பேண்டில் போன் கம்பெனிகள் அலைக்கற்றை வாங்கினாங்க. நடுவுல 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. கணக்குப்படி மோதலே இல்லை. அப்புறம் என்ன பிரச்சினை?

டிஷ் நடுவுல இருக்கும் எல்என்பி. பழைய எல்என்பி பலதும் 3.4-லிருந்தே கேட்கும். சேட்டிலைட் பேசுவது 36,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து. 5ஜி டவர் பக்கத்துத் தெருவில். சுருளி அருவிக்குக் கீழே நிக்கிறவன் காதுல ரகசியம் சொன்னா கேட்குமா? உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் திணறிவிடும். டிஜிட்டல்ல புள்ளி விழாது. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுடும்.

தீர்வு எளிது. டிஷ்ஷோட ஃபீட் ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவே ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் மாட்டினால், 3.7-க்குக் கீழே வருவதைப் பெருமளவு தடுத்துவிடும். டிடிஎச் வேற அலைவரிசை, கேயூ பேண்ட். அதனால அந்த வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி, ஃபில்டர் யார் காசு? 2013-ல பிரிட்டனில் 800 மெகாஹெர்ட்ஸ்ல 4ஜி வந்தப்போ, போன் கம்பெனிகள் பணத்தில் நடந்த அட்800 என்ற அமைப்பு, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு இலவசமா ஃபில்டர் கொடுத்தது. அமெரிக்காவில் சி பேண்டை ஏலம் எடுத்தவங்களே, சேட்டிலைட்காரங்க இடம் மாறும் செலவையும் ஏத்துக்கிட்டாங்க.

என் கருத்து இதுதான்: புதுசா குடிவந்தவர் சத்தம் போட்டா, பழைய குடித்தனக்காரர் காதுக்குப் பஞ்சு வாங்கக் கூடாது. ஒரு டிஷ் திணறினா, அதை நம்பியிருக்கும் அத்தனை தெருவிலும் டிவி நின்னுடும். சின்ன ஊர் கேபிள்காரருக்குத்தான் முதல் போன் வரும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.