உப்பேறிய கிணறு
(தொலைக்காட்சிச் செய்தியின் கதை – 14)

1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில், செய்தி என்றால் பெரும்பாலும் வாசிப்புதான் என்று சென்ற வாரம் பார்த்தோம். அமைச்சர் அடிக்கல் நாட்டுவார், படம் ஓடும், ஒரு குரல் படித்துக்கொண்டே போகும். சம்பவ இடத்தில் நின்று, தன் முகத்தையும் பெயரையும் காட்டி, ‘நான் பார்த்தது இது’ என்று ஒருவர் சொல்லும் வழக்கம் நம் வீடுகளுக்கு வரத் தாமதமானது. தமிழில் முதல் தனியார் அலைவரிசையான சன் டிவியே 1993 ஏப்ரல் 14 அன்றுதான் வந்தது. ஆனால் அதற்குள் பிபிசியில் ஒரு தமிழர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஜார்ஜ் அழகையா.

1955 நவம்பர் 22 அன்று கொழும்பில், தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பொறியாளர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1958இல் கலவரம். இனி இங்கே பிள்ளைகளுக்கு வாழ்வில்லை என்று 1961இல் குடும்பம் கானாவுக்குக் கிளம்பியது. பையனுக்கு அப்போது ஐந்து வயது. பிறகு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் விடுதிப் பள்ளி, டர்ஹம் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பு, மாணவர் பத்திரிகை, வளரும் நாடுகளைப் பற்றி எழுதிய ‘சவுத்’ இதழ். 1989இல் பிபிசியில் சேர்ந்தார்.

அவருடைய தொழில் வாழ்க்கையில் நான் அதிகம் நின்று பார்ப்பது சோமாலியாவைத்தான். 1991 இறுதியிலிருந்து ஓராண்டு காலம் பஞ்சமும் உள்நாட்டுப் போரும் தின்ற அந்த நாட்டில் அவர் குறுக்கும் நெடுக்கும் அலைந்தார். குஃப்கடூட் என்ற இடத்துக்கு அருகே ஒரு குக்கிராமம். ஒரு குடிசையில் பசியில் கிடந்த இரண்டு சிறுமிகள். இன்னொன்றில், காலில் பட்ட காயம் அழுகிப்போன ஒரு மூதாட்டி. அந்தக் கிராமத்தில்தான் ஒரு மனிதர் அழகையாவைப் பார்த்துச் சிரித்தார். சில நொடிகள்தான். மகிழ்ச்சிச் சிரிப்பில்லை, வரவேற்பும் இல்லை. அந்தச் சிரிப்பு ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்தான் விளக்கினார்: இந்தக் கோலத்தில் உங்கள் கண்ணில் பட நேர்ந்ததே என்ற கூச்சம் அது.

2001இல் வெளியான ‘எ பேசேஜ் டு ஆஃப்ரிக்கா’ என்ற தன் நூலில் அழகையா இதை ஒளிக்காமல் எழுதினார். செய்தியாளர் பார்ப்பவர், மற்றவர் பார்க்கப்படுபவர் என்ற ஏற்பாட்டை அந்தச் சிரிப்பு கவிழ்த்துப்போட்டது என்றார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. அதிர்ச்சியூட்டும் காட்சியைத் தேடுவது ஒரு போதைப் பழக்கம் போன்றது. போன வாரம் உலகத்தைப் பதறவைத்த எலும்புக்கூட்டு உடம்பு இந்த வாரம் செய்தியாகாது, இன்னும் கொடியது வேண்டும். கேமராவோடு போனவரே இதை எழுதியது பெரிய நேர்மை. அந்த மனிதரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேனே என்ற வருத்தத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

புருண்டியின் உள்நாட்டுப் போரைப் பற்றிய செய்திகளுக்காக 1994இல் ஆம்னஸ்டி விருது பெற்றார். ருவாண்டா இனப்படுகொலையைச் சொன்ன முதல் பிபிசி செய்தியாளர்களில் அவரும் ஒருவர். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தபடி மண்டேலாவைப் பேட்டி கண்டார். 2003இலிருந்து பிபிசியின் மாலை ஆறு மணிச் செய்தியில் அமர்ந்தார். 2014இல் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் செய்தி வாசிக்கத் திரும்பத் திரும்ப வந்தவர், 2023 ஜூலை 24 அன்று 67 வயதில் மறைந்தார்.

இடையில் 2004இன் ஆழிப்பேரலை. இலங்கையில் தன் தாத்தாவின் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போனார். வீடு இடிந்துகிடந்தது. சிறு வயதில் சகோதரிகளோடு விளையாடிய கிணற்றை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார். பேரலை புகுந்த கரையோரக் கிணறுகளின் நீர் உப்பாகிவிட்டிருந்தது.

மீஞ்சூரில் இருந்து எழுதுகிற எனக்கு இந்தக் கிணற்றைத் தாண்டிப் போக முடியவில்லை. எங்கள் கிணறுகளும் உப்பானவைதான். அதற்கு எந்தப் பேரலையும் வரவில்லை. 1960களின் இறுதியில் தொடங்கி சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப்படுகையிலிருந்து நிலத்தடி நீரை இறைத்தார்கள். மழை ஊட்டுவதைவிட மோட்டார் உறிஞ்சுவது அதிகமானால், கடல் நிலத்துக்கு அடியில் உள்ளே நகரும். ஆண்டுக்கு ஆண்டு, சத்தமில்லாமல், பல கிலோமீட்டர் நகர்ந்தது. கடைசியில் 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரையே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஆலைத் திறப்பைப் படமெடுக்கக் கேமராக்கள் வந்தன. ஒரு தோட்டத்துக் கிணறு கரிக்கத் தொடங்கிய நாளுக்கு யாரும் வரவில்லை.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நாடே பார்த்தது. வாளியில் கறுப்புக் குழம்பை அள்ளிய கைகளைப் படமெடுத்தது அவசியமான வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை யார் சொல்வது?

தாலுகா அளவில் செய்தி தருகிறவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. சொந்தக் காசில் கேமரா வாங்கி, சொந்த பைக்கில் பெட்ரோல் போட்டு ஓடுகிற பகுதிநேரச் செய்தியாளர்கள். பல இடங்களில் ஒளிபரப்பான செய்திக்கு மட்டும்தான் பணம். விபத்து ஒளிபரப்பாகும், தீ ஒளிபரப்பாகும். பத்து ஆண்டுகளாகக் கரித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் ஒளிபரப்பாகாது. அழகையாவுக்கு பிபிசி சம்பளமும், திரும்பிப் போய்ப் பார்க்க விமானச் சீட்டும் தந்தது. பக்கத்து ஊர்களான அத்திப்பட்டுக்கும் வல்லூருக்கும் ஒரே செய்திக்காக மூன்றாம் முறை போய்வர எங்கள் ஊர்ச் செய்தியாளப் பையனுக்குச் செலவுக்காசு தரும் அலைவரிசையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

(அடுத்த இதழில்: 2001 ஜூன் 30. விடியுமுன்னே சென்னை ஆலிவர் சாலையில் ஓடிய கேமரா.)