காசும் ‘கேஷ்’ஷும்

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’ ஈன்ற குழந்தையே என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் கூற்று. கைதட்டலும் தப்பாமல் கிடைக்கிறது. அகராதியைப் புரட்டுவோர்க்கு அம்மகிழ்ச்சி அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை.

ரொக்கத்தைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘கேஷ்’ பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மொழியிற் புகுந்தது. அன்று அது பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியே வந்த அச்சொல்லுக்கு மூலம், பெட்டியைச் சுட்டும் ‘காப்ஸா’ என்னும் இலத்தீன் சொல். கொள்கலத்தின் பெயர் உள்ளிருக்கும் பொருளுக்கு ஆயிற்று. தமிழ் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர்.

ஆயினும் ஆங்கிலத்தில் மற்றொரு ‘கேஷ்’ உண்டு. அது சிறு நாணயத்தின் பெயர். வெண்பாவின் ஈற்றுச்சீர்க்கு வாய்பாடாக நிற்கும் அதே காசுதான் அதன் மூலம். (காசே வடமொழிக் ‘கர்ஷ’த்தினின்று வந்தது என்பாரும் உளர், அது வேறு வழக்கு.) இச்சொல்லைக் கேட்ட போர்ச்சுகீசியர் ‘கைஷா’ என்றெழுதினர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். சதுரத் துளையிட்ட சீனச் செப்புக்காசுக்கும் அப்பெயரையே இட்டனர். தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னல், யூலுடன் இணைந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, இந்நாணயப் பெயர்க்குத் தமிழ் வடிவத்தையே முதலிற் சுட்டுகிறது.

ஆக, பிறப்பால் வேறான இரு சொற்கள் ஒலியால் ஒன்றாயின. இல்லாத உரிமையைப் பேசப்போய், ஐயமின்றி உள்ள உரிமையைத் தமிழர் பேசாது விடுவதே வருத்தத்திற்குரியது.

அவ்வுரிமைக்குச் சான்று கணக்கேடுகளில் மட்டுமன்று, செம்பிலும் உண்டு. சென்னையில் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இக்கணக்கே நடந்தது. 1803, 1808 ஆண்டுகளுக்குரிய காசுகளைப் பர்மிங்காமின் சோஹோ ஆலை நீராவி எந்திரத்தால் அடித்துக் கொடுத்தது. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி அழிந்தது. 1980களில் முக்குளிப்போர் அவற்றைப் பெருந்தொகையாய் மேலே கொணர்ந்தனர். ஒருபுறம் கும்பினியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்துகளின் கீழே, ‘20 கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.