பட்டையில் பதிந்த பிழைகள்

பத்தாங் காலி மலையடிவாரத்தில் தொடங்கி, சிலாங்கூர் ஆற்றின் போக்கிலேயே இறங்கி, அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊர் வழியாகக் கோல சிலாங்கூர் முகத்துவாரம் வரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நிலம் பரந்து கிடக்கிறது. அந்த வேலைக்கு அரசாங்க ஏடுகள் சூட்டிய பெயர் ஒன்று உண்டு. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், மலாயாவுக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களைத் ‘திறன் தேவைப்படாத வேலை’க்குப் போகிறவர்கள் என்ற வகையில் சேர்த்தது. 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தபோதும் அதே வகைப்பாடுதான் கைகொடுத்தது. பிற்காலத்தில் எழுதியவர்கள் பலரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பால் வெட்டைப் பொறுத்தவரை அந்தச் சொல் பிழையானது என்பது என் முடிவு. அதற்கான சான்றைத் தேர்ந்த கைகளின் பெருமையில் தேட வேண்டியதில்லை. புதிதாக உளி பிடித்தவர்கள் செய்த தவறுகளிலும், அந்தத் தவறுகளைத் தடுக்கத் தோட்டங்களில் எழுந்த ஒழுங்குகளிலும் அது இருக்கிறது.

பிரேசில் காடுகளில் ரப்பர் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அங்கே காயமே முறை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1888-இல் ஏற்ற ஹென்றி ரிட்லி, வெட்டிய கோட்டையே மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவித் திறக்கும் வழியைக் கண்டார். மலாயாவின் ரப்பர் தொழில் முழுவதும் அந்தச் சீவலின் மேல்தான் நின்றது. சொல்வதற்கு எளிது. ஆனால் பால் நாளங்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தைப் பருக்க வைக்கும் வளர்படலத்தை ஒட்டித்தான் நெருங்கி ஓடுகின்றன. உளி ஆழமாக இறங்காவிட்டால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் அதிகம் இறங்கினால் படலம் கிழிந்து மரம் காயப்படும். வளர்படலத்துக்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டையைச் செலவழிக்கக் கூடாது. கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிய வேண்டும். நாளங்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால் அந்தச் சரிவில்தான் அதிக நாளங்கள் அறுபடும். இத்தனையும் விடியும் முன், மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளில் சில நூறு மரங்களில் நடந்தாக வேண்டும்.

புதியவர் ஆழமாக வெட்டினால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சீவிய பட்டை புதுப்பட்டையாகத் தேறி மறுபடி வெட்டுக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அப்போது அந்த முடிச்சில் உளி வழுக்கும், கோடு நெளியும், பால் மங்குக் கிண்ணத்தில் விழாமல் பட்டையில் பரவி வீணாகும். ஒரு கற்றுக்குட்டியின் அவசரத்துக்கான விலையைப் பல ஆண்டுகள் கழித்து, வேறொருவர் கட்டுகிறார். அதனால்தான் வெட்டிச் சாய்க்கப்போகும் கிழ மரங்களில் புதியவர்களைப் பழகவிட்டார்கள். அதனால்தான் மேற்பார்வையாளர்கள் பாலின் அளவோடு நிற்காமல் மரத்தின் காயங்களையும் எண்ணினார்கள். காயத்தை எண்ணிக் கணக்கு வைக்க வேண்டியிருந்த வேலையைத் திறன் தேவைப்படாத வேலை என்று சொன்னதுதான் விந்தை.

சில வாரங்களில் கற்றுவிடக்கூடிய வேலையைத் திறன் என்று உயர்த்துவது மிகை அல்லவா என்று கேட்கலாம். கையசைவு சில வாரங்களில் வரும் என்பது உண்மை. ஆனால் விதையிலிருந்து வளர்ந்த பழைய தோட்டங்களில் ஒரு மரத்தின் பட்டைபோல் அடுத்த மரத்தின் பட்டை இருக்காது. இந்த மரத்தில் எங்கே நிறுத்துவது என்பதைக் கை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிய வேண்டும். தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்த கைதான் மரத்தைக் காயப்படுத்தும். அப்படியானால் கூலி ஏன் அவ்வளவு குறைவு என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1920-களில் இந்தியத் தொழிலாளர்களின் நிலைக்கூலியை அரசாங்கக் குழு தீர்மானித்த விதத்தில் அதற்கு விடை கிடைக்கிறது: ஒரு தொழிலாளி வாழ என்ன செலவாகும் என்று அரிசி, பருப்பு, துணி விலையைக் கூட்டிப் பார்த்துத்தான் தொகை குறித்தார்கள். பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அவள் வெட்டிய மரத்தில் பால் குறைந்ததால் அல்ல. அந்தக் கூலி வயிற்றை அளந்தது, கையை அளக்கவே இல்லை. ஆகவே கூலிப் பட்டியலைக் காட்டித் திறனின்மையை நிறுவ முடியாது.

ஒழுங்குகளின் கதை இன்னும் தெளிவானது. உளி வைக்கும் முன் முந்தைய வெட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். மங்கைத் துடைக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்டக் கூடாது. வாளி சுத்தமாக இருக்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் எல்லார் பாலும் ஒரே தொட்டியில் கலப்பதால், ஒருவர் வாளியின் அழுக்கு மற்றவர்களின் பாலையும் முன்கூட்டியே திரியவைத்துவிடும். அவரவர் வெட்டும் மர வரிசையான நிரை அவரவருக்கு. இவை துரையின் மனம் குளிரச் செய்த மரியாதைகள் அல்ல. மரமும் பாலும் பக்கத்து நிரைக்காரரும் கேட்ட மரியாதைகள். இன்னொரு வகை மரியாதையும் தோட்டங்களில் இருந்தது: துரையோ, எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்துச் சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி என்ற கோரிக்கையோடு, சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் சேர்ந்து வந்தது. அரசாங்கம் படையை வரவழைத்தது, உயிர்கள் போயின. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். கோரிக்கைகளில் எது இருந்தது என்பதோடு எது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மரத்துக்குரிய ஒழுங்கை யாரும் எதிர்க்கவில்லை. வேலையின் ஒழுக்கம் எது, அடிமைப் பணிவு எது என்று அந்த மக்கள் பிரித்தறிந்தார்கள். தொழிலைத் தன் தொழிலாக அறிந்தவருக்கே அந்தப் பிரிப்பு கைவரும்.

வெட்டு மேலே தொடங்கிக் கீழே இறங்குவதால் ஒவ்வொரு மரமும் ஒரு பதிவேடுதான். ஒரே கை தொடர்ந்து வெட்டிய மரத்தில் மேலே முடிச்சுகளும் கீழே வழவழப்பும் தெரிந்தால், அந்தக் கை எந்த உயரத்தில் தேறியது என்பதைச் சொல்லிவிடலாம். ஆனால் ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் சாய்க்கப்படும். 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே வணிக நோக்கில் நட்ட செம்பனை, பிற்காலத்தில் இந்தப் பகுதியின் ரப்பர் நிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. செம்பனைக் குலையை அறுக்க வேறு கத்தி, வேறு பழக்கம். உளியின் தடம் பதிந்த அடிமரங்கள் விறகாகவும் நாற்காலிப் பலகையாகவும் போயின.