பத்தாவது மைல்

கோபுரமும் கோட்டை மதிலும் உடைய ஊர்களுக்கே வரலாறு உண்டென்று கருதுவாருளர். அவை இல்லாத ஊர்களின் வரலாறு சாலையிலும் பாலத்திலும் தொழிற்சாலைச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கும். சிங்கப்பூரின் வடமேற்கே அமைந்துள்ள புக்கிட் பாஞ்சாங் அத்தகைய ஊர்களுள் ஒன்றாகும்.

மலாய் மொழியில் ‘புக்கிட்’ என்பது குன்று; ‘பாஞ்சாங்’ என்பது நீளம். நெடுங்குன்றம் எனத் தமிழில் கூறலாம். நகரிலிருந்து புறப்படும் புக்கிட் தீமா சாலை 1845ஆம் ஆண்டில் கிராஞ்சி வரை நீண்டது. அதன் பத்தாவது மைலில், சுவா சூ காங் சாலை பிரியும் முனையில், சிற்றூர் ஒன்று வளர்ந்தது. சாலை அமைந்த மறு ஆண்டே, 1846இல், தோட்டங்களில் பாடுபட்ட சீனக் கிறித்துவர்களுக்கெனப் பிரெஞ்சு மறைப்பணியாளர் புனித சூசையப்பர் ஆலயத்தைத் தொடங்கினர். இன்றுள்ள கட்டடம் பிற்காலத்தது. எனினும் வழிபாடு அன்று தொட்டு வருவது.

சாலையைத் தொடர்ந்து இருப்புப்பாதை வந்தது. 1903இல் தேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1932இல் பாதை தஞ்சோங் பகாருக்குத் திருப்பப்பட்டபோது, அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே கரிய இரும்புப் பாலம் எழுந்தது. சிங்கப்பூரையும் மலாயாவையும் பிணைத்த அவ்விருப்புப்பாதையில் வியர்வை சிந்தியவருள் தமிழரும் பலர்.

ஊரின் தென்புறத்தே 1941 அக்டோபரில் ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை அதுவே. இரண்டே திங்களில் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 10ஆம் நாள் இரவு ஜப்பானியக் கவச வண்டிகள் சுவா சூ காங் சாலை வழியே வந்து புக்கிட் பாஞ்சாங்கைக் கைப்பற்றின. அவற்றை எதிர்த்து நின்றவை இந்தியப் படையின் 12ஆம் பிரிகேடைச் சேர்ந்த அணிகள். ஐந்து நாள் கழித்து, 15ஆம் நாள் மாலை, அத்தொழிற்சாலையின் அறையொன்றில் ஜெனரல் பெர்சிவல், ஜெனரல் யாமாஷிதாவிடம் சரணடைந்து கையொப்பமிட்டார்.

அக்கையொப்பத்தின் விளைவு சிராங்கூன் சாலை வரை எட்டியது. 17ஆம் நாள், சாலையை அடுத்த ஃபேரர் பூங்காத் திடலில் பல்லாயிரம் இந்தியப் படைவீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அத்திடலில் ஊன்றப்பட்டது. கார் செய்வதற்கென எழுந்த ஆலையில் ஒரு பேரரசின் வீழ்ச்சியும், தொலைவிலுள்ள நாட்டின் விடுதலை வேட்கையும் ஒருங்கே பின்னிக்கொண்டன.

ஆலை 1980இல் மூடப்பட்டது. 2006 பிப்ரவரி 15ஆம் நாள், சரணாகதியின் 64ஆம் ஆண்டு நிறைவில், அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வெற்றிக்குத் தூண் நாட்டுவது எளிது. தோல்வி நிகழ்ந்த இல்லத்தைக் காத்து மக்களுக்குக் காட்டுவதற்குத் துணிவு வேண்டும். தன் பாதுகாப்பைப் பிறர் கையில் விட்ட நாடு என்னாகும் என்பதை நூறு நூல்களினும் தெளிவாக அக்கட்டடம் உணர்த்துகிறது.

ரயிலும் 2011 ஜூன் 30ஆம் நாளோடு நின்றது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டன, பாலம் மட்டும் காக்கப்பட்டது. இன்று அதன்மீது மக்கள் நடக்கின்றனர். பழைய சிற்றூர் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. புதுநகருக்கு ஒருகால் ‘செங்ஹுவா’ எனப் பெயரிட்டனர். எனினும் பழைய பெயரே மீண்டு நிலைத்தது. கல்லினும் சொல் வலிது போலும்!

ஆயினும் சொல்லும் அழியும். 1999இல் தொடங்கிய இலகு ரயில் தடத்தில் ‘டென் மைல் ஜங்ஷன்’ என்னும் நிலையம் அந்தப் பத்தாவது மைலின் பெயரைத் தாங்கி நின்றது. 2019இல் அதுவும் மூடப்பட்டது. மைலை மறந்து கிலோமீட்டரில் அளக்கும் இளையோர்க்கு, ‘பத்து மைல்’ எங்கிருந்து அளந்த தொலைவு என்று எடுத்துச் சொல்வார் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் நம் கடமையாகும். கட்டடத்தை அரசு காக்கும். அதன் கதையை ஊரார்தாம் காக்க வேண்டும்.