ஸ்டாட்டின் தசைப் பாதிப்பு

கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை உட்கொள்வோரிடம் தோன்றும் தசைவலி, தளர்ச்சி, சிதைவு ஆகியவற்றின் பொதுப்பெயர். தொடை, இடுப்பு, தோள் ஆகியவற்றின் பெருந்தசைகளில் இருபுறமும் ஒருசேர வலிப்பது இதன் இயல்பு. மிக அரிதாகத் தசையிழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வதுண்டு. அப்போது சிறுநீர் பாலில்லாத் தேநீரின் நிறமடையும். இத்தகைய சிதைவால் நேர்ந்த மரணங்களால் செரிவாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டின் மருந்து 2001 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது.

மலேசியாவின் பத்து காஜா வட்டாரத்தில் பால்மரம் சீவி மூத்தவர்களின் பழைய உடல்வலியிலிருந்து ஸ்டாட்டின் தசைவலியைப் பிரித்தறிவது எளிதன்று. கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதியின் அளவை இரத்தத்தில் சோதிப்பர் எனினும், அது இயல்பாக இருக்கும்போதும் வலி இருக்கலாம். பக்கவிளைவுகளால் ஸ்டாட்டின் மாத்திரையைக் கைவிட்ட 60 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், மருந்தில்லாப் போலி மாத்திரையே தொல்லையின் 90 விழுக்காட்டை உண்டாக்கியது. ஆயினும் அவர்கள் உணர்ந்த தொல்லையைப் பொய்யெனல் பொருந்தாது.

மாத்திரைக்கு அஞ்சிச் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகைக்கு மாறுவோர், அதிலுள்ள மொனக்கோலின் கே, லோவாஸ்டாட்டின் என்னும் அதே மருந்துதான் என்பதை அறிவதில்லை. பேராக் மாநிலத்தின் சித்தியவான் நகரச் சீனர் சிவப்பு மது வடிப்பதும் இவ்வகை அரிசியிலேயே. உணவிலும் கவனம் தேவை: சிம்வாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டினைச் சிதைக்கும் குடல் நொதியைக் கிரேப்ஃப்ரூட் பழம் முடக்குவதால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடும். ஈப்போவை அடுத்த தம்புனில் விளையும் பம்ப்ளிமாஸ் அப்பழத்தின் தாயினமாதலால், அதைப் பற்றியும் மருத்துவரைக் கேட்பது தகும்.