உப்பும் மிளகாயும்: கோங்பாவ் கோழியின் கதை

நம் ஊர்ச் சீன உணவகங்களின் பட்டியலில் 'குங் பாவ் சிக்கன்' என்றொரு வரி இருக்கும். 'குங் பாவ்' என்பது ஊரின் பெயரோ மசாலாவின் பெயரோ அல்ல. அது அரசவைப் பட்டம். பட்டத்து இளவரசரின் காவலர் என்ற மதிப்புப் பட்டம் பெற்ற உயர் அதிகாரிகளைச் சீனர்கள் 'கோங்பாவ்' என்று அழைத்தார்கள். இந்தக் கோழிக்கறியில் நிலைத்துவிட்ட கோங்பாவ், சிங் பேரரசின் அதிகாரி திங் பாவ்ஜென்.

1820இல் தென்மேற்குச் சீனத்தின் மலை மாகாணமான குய்சோவில் பிறந்தவர். 1853இல் பேரரசின் உச்சத் தேர்வில் தேறி, 1867இல் சாண்டோங் மாகாண ஆளுநரானார். பேரரசியன்னை சீஷியின் செல்லப்பிள்ளையான ஆன் தெஹாய் என்ற அண்ணகர், 1869இல் பெருங்கால்வாய் வழியே படாடோபமாகத் தெற்கே பயணம் புறப்பட்டார். அண்ணகர்கள் தலைநகரை விட்டு வெளியேறக் கூடாது என்பது சிங் குலத்தின் பழைய விதி. திங் அவரைப் பிடித்து ஜினான் நகரில் தலையை வெட்டச் செய்தார். அரண்மனைக்கு அஞ்சாதவர் என்ற பெயர் அன்றே நாடெங்கும் பரவிவிட்டது.

ஆனால் அவருடைய பெரும்பணி உப்பில்தான் நடந்தது. 1876இல் அவர் சிச்சுவானின் தலைமை ஆளுநராக நியமிக்கப்பட்டார். அங்கே சிகோங் வட்டாரத்தில் மூங்கில் கயிற்றில் தொங்கவிட்ட இரும்பு உளியால் பாறையைத் துளைத்து, ஆழத்திலிருந்து உவர்நீர் இறைத்து உப்புக் காய்ச்சினார்கள். 1835இல் ஒரு கிணறு 1,000 மீட்டர் ஆழத்தையும் தாண்டியது. பக்கத்து மாகாணமான குய்சோவுக்கோ கடலும் இல்லை, உப்புக் கிணறும் இல்லை. படகிலும் சுமைகூலிகளின் முதுகிலும் மலையேறி வந்த உப்பு, ஏழைக்கு எட்டாத விலையில் விற்றது. திங் 1877இல் தொடங்கிய சீர்திருத்தத்தில், உப்பை வாங்கிக் கொண்டுசேர்ப்பது அரசின் பொறுப்பாயிற்று. விற்பது மட்டும் வணிகரிடம் இருந்தது. அந்த ஏற்பாடு முதலில் நடைமுறைக்கு வந்தது குய்சோ செல்லும் வழிகளில்தான்.

உப்புக்கு வழியில்லாத அந்த மலைநாட்டில் வேறொரு பழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் சீனம் வந்த மிளகாயை, குய்சோ மக்கள் உப்புக்குப் பதிலாகச் சோற்றோடு சேர்த்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் வட்டாரக் குறிப்புகளே இதைச் சொல்கின்றன. சிச்சுவான் மக்கள் மிளகாய்க்கு வைத்த பெயர் 'கடல் மிளகு'. புதிதாய் வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரைக் கொடுத்து 'மிளகாய்' என்றோமே, அதே வழி.

இனி அடுப்படிக்கு வருவோம். கோழியைச் சிறு கட்டங்களாக நறுக்கி மாவுப்பசையில் பிசறி வைப்பார்கள். காய்ந்த எண்ணெயில் வற்றல் மிளகாயும் நாவை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகும் கருகுமுன் சிவக்கும் பதத்தில் கோழியைப் போட்டு, கொழுந்துவிடும் தீயில் புரட்டுவார்கள். சோயா, சர்க்கரை, காடி சேர்ந்த இனிப்புப் புளிப்பை அங்குள்ளவர்கள் 'லிச்சிப் பழச் சுவை' என்பார்கள். கடைசியில், மொறுமொறுப்புக் குறையாமல் வேர்க்கடலை. அதுவும் மிளகாயைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. இது சிச்சுவான் முறை. குய்சோவில் இடித்த மிளகாய் விழுது சேர்ப்பார்கள். சாண்டோங்கில் காரம் குறையும். மூன்று மாகாணங்களும் இந்தக் கறி தம்முடையதே என்கின்றன. பிறந்த ஊர், ஆண்ட ஊர், கண்மூடிய ஊர் என்று திங்கின் வாழ்க்கையே அந்த மூன்றுக்கும் பங்காகியிருக்கிறது.

1886இல் பதவியில் இருக்கும்போதே சிச்சுவானின் செங்டு நகரில் அவர் இறந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் பேரரசும் போயிற்று. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், பேரரசின் அதிகாரி பெயர் உணவுக்கு ஆகாது என்று இந்தக் கறிக்கு வேறு பெயர் சூட்டினார்கள். அந்தப் புயல் ஓய்ந்ததும் பழைய பெயரே திரும்பி வந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்போம். தன் பிறந்த மண்ணுக்கு உப்பு வர வழிசெய்த மனிதரை உலகம் நினைத்துக்கொண்டிருப்பதோ, உப்பில்லாத குறைக்கு அந்த மண் கடித்துக்கொண்ட மிளகாயால்.