ஐரோப்பிய வேளாண் மானியமும் பயனாளர் பெயர் வெளியீடும் (1962 – 2013)

முன்னுரை

பொதுப்பணத்தைப் பெறுவோர் யார் என்பதை அறியும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. தம் வருவாய் விவரம் ஊரறியப் பரவாமல் காக்கும் உரிமை உழவருக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானிய வரலாற்றில் இவ்விரு உரிமைகளும் மோதியதையும், அம்மோதலுக்குக் காணப்பட்ட தீர்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விலை ஆதரவும் நேரடி மானியமும்

1962இல் உருவான பொது வேளாண்மைக் கொள்கை, தொடக்கத்தில் விளைபொருளின் விலைக்கே ஆதரவு அளித்தது. விலை வீழ்ந்தபோது அரசு முகமைகள் தானியம், வெண்ணெய் முதலியவற்றைக் கொள்முதல் செய்தன. மானியம் விலைக்குள் மறைந்திருந்ததால், எந்த உழவர் எவ்வளவு பயன்பெற்றார் என்பதற்குத் தனிப் பட்டியல் தேவைப்படவில்லை. 1992இல் வேளாண் ஆணையர் ரே மக்ஷாரியின் சீர்திருத்தம் இந்நிலையை மாற்றியது. ஆதரவு விலை குறைக்கப்பட்டது; ஈடாக, பயிர்ப்பரப்பு, கால்நடை எண்ணிக்கை ஆகியவற்றின் அடிப்படையில் உழவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கப்பட்டது. இதனால் பெயரும் தொகையும் அடங்கிய பதிவேடுகள் பெருகின. வெளியிடத்தக்க பட்டியல் உருவானபின்னரே அதனை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

வெளிப்படைத்தன்மையின் எழுச்சி

பத்திரிகையாளர்களின் வேண்டுகோளை ஏற்று டென்மார்க் 2004இல் விவரங்களை வெளியிட்டது. தகவல் சுதந்திரச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் விவரங்களும் வெளிவந்தன. பெருநிலக்கிழார்களும் உணவுத்தொழில் நிறுவனங்களும் பெருந்தொகை பெற்றமை பொதுவிவாதமாயிற்று. நேரடி மானியத்தில் சுமார் 80 விழுக்காடு, பெறுவோரில் சுமார் 20 விழுக்காட்டினரையே சேர்கிறது என்ற கணக்கு இவ்விவாதத்தின் மையமாக அமைந்தது. 1437/2007, 259/2008 ஆகிய ஒழுங்குமுறைகள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் வெளியீட்டைக் கட்டாயமாக்கின. பயனாளரின் பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, தொகை ஆகியன இணையத்தில் இடம்பெற்றன.

2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு

ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பண்ணைக் கூட்டு நிறுவனமும் ஓர் உழவரும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். மானியம் பெரும்பாலும் உழவரின் வருவாயில் கணிசமான பகுதி. ஆதலின் தொகையை வெளியிடுவது குடும்ப வருவாயை வெளியிடுவதற்கு நிகராகும். 2010 நவம்பர் 9இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிப்படைத்தன்மை ஏற்கத்தக்க நோக்கமே என்று அது ஒப்பியது. எனினும் காலம், தொகை, மானிய வகை ஆகிய எவ்வேறுபாடும் கருதாமல் தனிநபர் அனைவரின் பெயரையும் வெளியிடுவது நோக்கத்துக்கு வேண்டிய அளவை மீறியது என்று கூறி, தனிநபர் தொடர்பான பகுதியைச் செல்லாததாக்கியது. நிறுவனங்களின் பெயர் வெளியீட்டுக்குத் தடையில்லை. 2011இல் வெளியீடு நிறுவனங்களோடு நின்றது. இதனால் அமைப்புவடிவமே மறைப்புக்கு வழியாயிற்று: பெருந்தொகை பெற்ற தனிநபரின் பெயர் மறைந்தது, சிறுதொகை பெற்ற நிறுவனத்தின் பெயர் வெளிவந்தது.

புதிய வரம்பு

1306/2013 ஒழுங்குமுறை இக்குறையை நீக்க முயன்றது. தனிநபர் பெயர்கள் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் 1,250 யூரோவுக்கு மிகாததாக வகுக்கப்பட்ட வரம்பைத் தாண்டாத பயனாளர்கள் குறியீட்டால் மட்டுமே சுட்டப்பட்டனர். மானியம் எத்திட்டத்தின்கீழ் வழங்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டியதாயிற்று.

முடிவுரை

வெளியிடுவதா, மறைப்பதா என்று தொடங்கிய வினாவை இத்தீர்ப்பு, யாருடைய விவரத்தை எவ்வளவு வெளியிடுவது என்ற வினாவாக மாற்றியது. பெறுவோரின் அமைப்புவடிவத்தைவிடத் தொகையின் அளவே வெளியீட்டுக்குப் பொருத்தமான அளவுகோல் என்பதை 2013ஆம் ஆண்டு மாற்றம் ஏற்றது. எனினும் விவரங்கள் இணையத்தில் இரண்டு ஆண்டுகள் இருத்தலையே விதி கட்டாயமாக்கியது. ஆண்டு தோறும் அவற்றைத் திரட்டிப் பாதுகாக்காவிடில், மானியம் காலப்போக்கில் யாரிடம் குவிந்தது என்ற வரலாற்று வினாவுக்கு இப்பட்டியல்கள் விடை தரா.